விடியல் ஒன்பதரை மணிக்கு

(வணிகவியல் மாணவர்களும் சிறு முதலீட்டாளர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் ரெய்டு என்றால் வருமான வரிக்காரர்கள்தான். விடியற்காலையில் நான்கைந்து கார்கள் வந்து நிற்கும், வாசல் கதவைத் தட்டுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். பங்குச் சந்தையிலும் ஒரு ரெய்டு உண்டு. ‘டான் ரெய்டு’ என்று பெயர். விடியல் வேட்டை என்று தமிழில் வைத்துக்கொள்கிறேன். இதில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. கம்பெனித் தலைவர் காப்பி குடித்துவிட்டு ஆபீஸ் வந்து சேர்வதற்குள் அவருடைய கம்பெனியில் கால்வாசி இன்னொருவர் கைக்குப் போயிருக்கும்.

என்னை அழைத்தவர்கள் ‘கார்ப்பரேட் கையகப்படுத்தல்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அதை முழுவதும் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். எனக்கே தூக்கம் வரும். ஆகவே அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் பங்குகளை வாங்கிக் குவிக்கும் வித்தை.

1980 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. லண்டன் பங்குச் சந்தையின் தளம் காலை ஒன்பதரை மணிக்குத் திறக்கும். திரையைப் பார்த்து வியாபாரம் செய்கிற காலம் இல்லை அது. தளத்தில் ‘ஜாபர்’ என்று அழைக்கப்பட்ட பங்கு வியாபாரிகள் தங்கள் தங்கள் இடத்தில் நிற்பார்கள். வாடிக்கையாளருக்காக வரும் தரகர் அவர்களிடம் நடந்து போய், வாயால் விலை கேட்டு, வாயால் பேசி முடிப்பார். அன்று ரோ அண்ட் பிட்மன் என்ற தரகு நிறுவனத்தின் ஆட்கள் ஒரே ஒரு பங்கைத்தான் கேட்டார்கள்: கன்சாலிடேட்டட் கோல்ட் ஃபீல்ட்ஸ் என்ற தங்கச் சுரங்கக் கம்பெனியின் பங்கு. விலை 616 பென்ஸ். எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆபீஸில் இருந்த மற்ற ஆட்கள் ஓய்வூதிய நிதிகளுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம். சுமார் 1.65 கோடிப் பங்குகள் கைமாறின. வாங்கியவர் தென் ஆப்பிரிக்காவின் டி பியர்ஸ், வைரக் கம்பெனி. அதன் கூட்டாளியான ஆங்கிலோ அமெரிக்கன் குழுமத்தின் பங்குகளையும் சேர்த்தால், கோல்ட் ஃபீல்ட்ஸில் நான்கில் ஒரு பங்கு அவர்களுடையது ஆகிவிட்டது.

ஒன்பதரையை விடியல் என்று சொல்ல லண்டன் தரகர்களால்தான் முடியும். இருந்தாலும் அன்றைக்குப் பிறகு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பத்திரிகைகள் அந்த அரை மணி நேரத்தைத்தான் கொண்டாடின. எனக்கு அந்த அரை மணி நேரத்தில் அவ்வளவு ஆர்வமில்லை. அதற்கு முந்தைய மாதங்கள்தான் விஷயம். ஒரு கம்பெனியில் 5 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று அப்போது இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. டி பியர்ஸ் குழுமம் என்ன செய்தது? பல துணைக் கம்பெனிகளின் பெயரில் பிரித்துப் பிரித்து வாங்கியது. எந்தப் பெயரிலும் 5 சதவீதம் தாண்டாது. தங்கள் பங்குகளை யாரோ சேர்க்கிறார்கள் என்று கோல்ட் ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு வாடை தெரிந்தது. ஆள் யார் என்று தெரியவில்லை.

நம் ஊர் நிலத் தரகர்களுக்கு இந்த வேலை அத்துப்படி. ஒரு பெரிய ஆள் சாலையோரத்தில் இருபது ஏக்கர் சேர்க்க நினைத்தால் தன் பெயரில் வாங்குவாரா? டிரைவர் பெயரில் இரண்டு ஏக்கர், மச்சான் பெயரில் மூன்று ஏக்கர், ஊருக்கே தெரியாத ஒருவர் பெயரில் நடுவில் இருக்கும் கிணற்றுத் தோட்டம். ஏதாவது ஒரு டீக்கடையில் விஷயம் கசிந்தால் போச்சு. மிச்சம் இருக்கிற சென்ட் ஒவ்வொன்றுக்கும் விலை மூன்று மடங்காகும். பங்கிலும் அதே கணக்கு. மெதுவாக வாங்கினால் விலை ஏறும், ஏறினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே சந்தடி இல்லாமல் எவ்வளவு சேர்க்க முடியுமோ அவ்வளவையும் சேர்த்துவிட்டு, மிச்சத்தை ஒரே மூச்சில் பிடுங்க வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. புறத்திணையில் முதலில் வருவது வெட்சி. பகைவர் நாட்டு ஆநிரையைக் களவில் கவர்ந்து வருவது. தொல்காப்பியர் துறை பிரித்த அழகைப் பாருங்கள். மாட்டைப் பிடிக்கிற ‘ஆகோள்’ ஒரே ஒரு துறை. அதற்கு முன்னால் படை கிளம்புவது, பாக்கத்தில் தங்கி விரிச்சி கேட்பது, பகைவர் ஒற்றர் கண்ணில் படாமல் போவது, தம் ஒற்றர் கொண்டுவரும் ‘வேய்’, ஊரைச் சூழ்ந்து நிற்பது என்று வரிசையாக வருகின்றன. கடைசிப் பக்கத்தில் ‘பாதீடு’, கவர்ந்ததைப் பங்கு போடுவது. லண்டன் மெர்ச்சன்ட் பேங்கர்களின் கட்டணப் பட்டியலுக்கு இதைவிட நல்ல தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

வேட்டையில் நஷ்டப்படுபவர் யார்? பங்கை விற்ற இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்டமில்லை. முந்தைய நாள் கிடைக்காத விலை கிடைத்தது. வாங்கியவருக்குக் கேட்டது கிடைத்தது. நூறு பங்கோ இருநூறு பங்கோ வைத்திருக்கிற ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் அல்லவா, அவருக்கு யாரும் போன் செய்யவில்லை. அவர் தன் தரகரைப் பிடிப்பதற்குள் வாங்குகிறவர் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அந்த உயர்ந்த விலை அவருக்குக் காட்டப்படவே இல்லை. ஒரே கம்பெனியில், ஒரே வகைப் பங்குக்கு, மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு விலை, வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு விலை. டான் ரெய்டில் வாங்கப்படுவது பங்கு என்று நாம் நினைக்கிறோம். என்னைக் கேட்டால், மற்றவர்களின் நேரத்தைத்தான் வாங்குகிறார்கள். யோசிக்கும் நேரம், விசாரிக்கும் நேரம், நாலு பேரைக் கலந்து பேசும் நேரம்.

அமெரிக்கர்கள் இதை வேறு விதமாகச் செய்தார்கள். 1978 ஜனவரியில் சன் என்ற எண்ணெய்க் கம்பெனிக்கு, பெக்டன் டிக்கின்சன் என்ற மருத்துவக் கருவிக் கம்பெனி மேல் கண். ஊசி போடும்போது சிரிஞ்சைப் பார்த்தால் பலருக்கு அந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்கும். சந்தை மூடிய பிறகு பெரிய பங்குதாரர்களுக்கு வரிசையாகப் போன் போனது. வாங்குபவர் யார் என்று சொல்ல மாட்டோம், பெரிய கம்பெனி, பங்குக்கு 45 டாலர், ஒரு மணி நேரத்துக்குள் பதில் வேண்டும். இவ்வளவுதான் பேச்சு. சுமார் 34 சதவீதம் இப்படிச் சேர்ந்துவிட்டது. அந்தப் பங்குகளை வைத்துக்கொள்ள சன் கம்பெனி ஒரு துணைக் கம்பெனி தொடங்கி ‘எல்எச்ஐடபிள்யூ’ என்று பெயர் வைத்தது. அந்த நான்கு எழுத்துக்கு விரிவு என்ன தெரியுமா? ‘பலிக்கும் என்று நம்புவோம்’. பலிக்கவில்லை. வழக்குப் போனது. தனித்தனியாகப் போன் செய்தாலும் இது பொதுமக்களுக்கு வைக்கும் விலைக்கோரிக்கைதான், அதற்குரிய விதிகளை மீறிவிட்டீர்கள் என்று 1979இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோடிக்கணக்கான டாலர் விளையாட்டில் யாரோ ஒருவருக்கு இப்படிப் பெயர் வைக்கத் தோன்றியிருக்கிறதே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

இந்த விதிகள் எல்லாவற்றையும் நான் படித்தவரை, அவை எல்லாமே கடிகாரத்தைப் பற்றியவை. அமெரிக்காவில் 1968இல் வந்த வில்லியம்ஸ் சட்டத்தின்படி 5 சதவீதம் தாண்டினால் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பத்து நாளில் என்ன செய்தார்கள்? மேலும் வாங்கினார்கள், வேறென்ன! 2010இல் ஜேசி பென்னி என்ற பழைய கடைத்தொடரில் பில் ஆக்மனின் பெர்ஷிங் ஸ்கொயர் நிதியும் வொர்னாடோ நிறுவனமும் சேர்ந்து கால்வாசிக்கு மேல் வைத்திருப்பது, அவர்களாக அறிவித்தபோதுதான் வெளியே தெரிந்தது. பத்து நாள் என்பது ஐந்து வேலை நாளாகக் குறைய 2024 வரை ஆனது. இங்கிலாந்தில் 1980 டிசம்பரிலேயே, 15 சதவீதத்தைத் தாண்டிப் போகிறவர் ஏழு நாளுக்குள் இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று கடிவாளம் போட்டார்கள். சேர்ந்து செயல்படுகிறவர்களின் பங்குகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று 1981 கம்பெனிச் சட்டம் சொன்னது. 30 சதவீதத்தை எட்டிவிட்டால் மிச்சப் பங்குதாரர் எல்லோருக்கும் விலை வைக்க வேண்டும். அதனால் அங்கே கெட்டிக்காரர்கள் எல்லோரும் 29.9இல் நின்றுவிடுவார்கள், செருப்புக்கடையில் 999 ரூபாய் போடுகிற மாதிரி.

விதி வந்ததால் வேட்டை நின்றுவிடவில்லை. 2008 பிப்ரவரி 1ஆம் தேதி சீனாவின் சைனால்கோ, அமெரிக்காவின் அல்கோவாவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு லண்டனில் ரியோ டின்டோவின் 12 சதவீதத்தை ஒரே வீச்சில் வாங்கியது. சுமார் 1,400 கோடி டாலர். கம்பெனியைப் பிடிப்பதற்காக அல்ல. பிஎச்பி என்ற இன்னொரு சுரங்க ராட்சசன் ரியோவை விழுங்கிவிடாமல் தொண்டையில் முள்ளாக நிற்பதற்காக. பிஎச்பி தன் விலையை உறுதியாகச் சொல்ல ஐந்து நாள்தான் பாக்கி இருந்தது. அங்கேயும் பாருங்கள், கடிகாரம்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

என் அப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் நான்கைந்து கம்பெனிகளின் பங்குப் பத்திரங்கள். ஓரத்தில் பூவேலை அச்சடித்த கெட்டிக் காகிதம். ஒருமுறை அவர் தரகர் மூலம் ஒரு கம்பெனியின் ஐம்பது பங்குகளை வாங்கினார். வாங்கினால் முடிந்ததா? மாற்றுப் படிவத்தில் விற்றவர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து, முத்திரை ஸ்டாம்ப் எல்லாம் சேர்த்து ரெஜிஸ்டர்டு தபாலில் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதம் கழித்து உறை திரும்பி வந்தது. ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை.’ விற்றவர் யாரென்று அப்பாவுக்குத் தெரியாது. பத்திரம் நான்கு கை மாறி வந்தது. அவர் அந்த உறையைப் பிரித்தபடி திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. எல்லாக் கம்பெனியும் அன்று அப்படித்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காகிதம்தான் இந்தியாவில் வேட்டைக்காரர்களைத் தடுத்த கோட்டைச் சுவர். பணம் கொடுத்துப் பங்கு வாங்கினாலும், இயக்குநர் குழு பதிவேட்டில் பெயரை ஏற்றினால்தான் நீங்கள் பங்குதாரர். ஏற்ற மாட்டோம் என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. 1983இல் லண்டன் தொழிலதிபர் சுவராஜ் பால், வெளிநாட்டு இந்தியருக்கான முதலீட்டுத் திட்டத்தின் கீழ் எஸ்கார்ட்ஸ், டிசிஎம் என்ற இரண்டு டெல்லிக் கம்பெனிகளின் பங்குகளைத் தரகர்கள் மூலம் சத்தமில்லாமல் வாங்கினார். எஸ்கார்ட்ஸில் ஏறக்குறைய ஏழரை சதவீதம், டிசிஎம்மில் 13 சதவீதம். தன் கபாரோ குழுமத்தின் 13 கம்பெனிகள் மூலம் வாங்கினார். பிரித்து வாங்கும் பழைய பாடம்தான். டெல்லித் தொழில் குடும்பங்களுக்குக் குலை நடுங்கியது. ஏன் தெரியுமா? அவர்கள் ‘எங்கள் கம்பெனி’ என்று சொல்லிக்கொண்டிருந்தவற்றில் அவர்கள் வைத்திருந்த பங்கு மிகக் குறைவு. எஸ்கார்ட்ஸில் பாதிக்கு மேல் எல்ஐசி போன்ற அரசு நிதி நிறுவனங்களுடையது! ஏழு சதவீதக்காரர் வாசலில் வந்து நின்றபோதுதான் வீடு யாருடையது என்ற கேள்வியே எழுந்தது.

இரண்டு கம்பெனிகளும் பெயர் மாற்ற மறுத்துவிட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி சின்னப்ப ரெட்டி 1985 டிசம்பரில் தந்த தீர்ப்பு பெரும்பாலும் எஸ்கார்ட்ஸ் தரப்புக்கு எதிராகவே இருந்தது. நீங்கள் கம்பெனிச் சட்டம் படிக்கும்போது இன்றும் அந்தத் தீர்ப்பைப் படித்தே ஆக வேண்டும். ஆனால் சுவராஜ் பாலுக்கு அதனால் என்ன பயன்? இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. கடைசியில் பங்குகளை விற்றுவிட்டுப் போனார். லண்டனில் அரை மணி நேரத்தில் முடிகிற காரியத்தை டெல்லி தன் ஃபைல்களாலேயே சாகடித்தது. அப்பாவின் உறையும் அவருடைய உறையும் ஒரே மாதிரி திரும்பி வந்தன என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது, பங்குகள் டிமேட் கணக்குக்குப் போயின, காகிதச் சுவர் இடிந்தது. அதற்குள் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி வேறு வேலிகளைக் கட்டிவிட்டது. இன்றைய விதி: 5 சதவீதம் தொட்டால் இரண்டு வேலை நாளில் அறிவிக்க வேண்டும், 25 சதவீதம் தொட்டால் குறைந்தது இன்னொரு 26 சதவீதத்துக்குப் பொதுப் பங்குதாரர்களிடம் ஓப்பன் ஆஃபர் வைக்க வேண்டும். 25க்கு என்ன மகிமை? கம்பெனியின் சிறப்புத் தீர்மானங்களுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். கால்வாசிக்கு மேல் கையில் இருந்தால் அந்தத் தீர்மானங்கள் எதையும் நிறுத்தலாம். ஆள முடியாவிட்டாலும் ஆளவிடாமல் செய்யலாம்.

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. 1946இல் சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ், திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் 1949இல் சிமென்ட் உற்பத்தி ஆரம்பித்தது. 1998இல் அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன், ஆந்திரத்தின் ராசி சிமென்ட் பங்குகளைச் சந்தையில் சேர்த்துக்கொண்டு, பங்குக்கு 300 ரூபாய் என்று ஓப்பன் ஆஃபர் அறிவித்தார். ராசியை வளர்த்த பி.வி. ராஜு லேசுப்பட்ட ஆள் இல்லை. அரசின் சிமென்ட் கார்ப்பரேஷனுக்கே தலைவராக இருந்தவர். சில வாரம் முட்டி மோதிவிட்டு, கடைசியில் தன் பங்குகளையும் சீனிவாசனுக்கே விற்றுவிட்டு விலகினார். தென்னிந்தியாவில் பெரிய அளவில் நடந்த முதல் வல்லடிக் கைப்பற்றல்களில் அதுவும் ஒன்று.

இருபத்தாறு வருடம் கழித்து, 2024 ஜூன் 27ஆம் தேதி, இந்தியா சிமென்ட்ஸின் ஏறக்குறைய 23 சதவீதத்தை அல்ட்ராடெக் வாங்கியது. டி-மார்ட் ராதாகிஷன் தமானியும் அவரைச் சேர்ந்தவர்களும் வைத்திருந்த பங்குகள். விலை 267 ரூபாய் வரை. இது வெறும் நிதி முதலீடு, நிர்வாகத்தைப் பிடிக்கும் எண்ணம் இல்லை என்றது அல்ட்ராடெக். 23ஐக் கவனியுங்கள், 25க்கு ஒரு படி கீழே. ஒரு மாதம் போனது. ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, சீனிவாசன் தரப்பின் 32.72 சதவீதத்தையும் பங்குக்கு 390 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவிப்பு வந்தது. கூடவே மற்றவர்களுக்கு ஓப்பன் ஆஃபர். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. முதல் துண்டை எடுத்த விதத்திலேயே கதை முடிந்துவிட்டது. வெட்சி சூடியவன் வீட்டு மாட்டையும் ஒருநாள் யாராவது ஓட்டிப் போவார்கள்.

கடைசிக்கு ஒரு கதையை ஒதுக்கி வைத்திருந்தேன். இந்த வித்தையின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும், என்னை மிகவும் தொந்தரவு செய்வதும் இதுதான்.

1981 செப்டம்பர் 7, திங்கட்கிழமை. மறுபடியும் லண்டன், மறுபடியும் ஒன்பதரை மணி. இந்த முறை வேட்டைக்கு வந்தது மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனம், பெர்மொடாலான் நேஷனல் பெர்ஹாட், சுருக்கமாக பிஎன்பி. இலக்கு, கத்ரி கார்ப்பரேஷன். 1821இல் சிங்கப்பூரில் அலெக்சாண்டர் கத்ரி தொடங்கிய வியாபாரம். ஒன்றரை நூற்றாண்டில் வளர்ந்து மலாயாவில் ரப்பரும் எண்ணெய்ப் பனையுமாக ஏறக்குறைய இரண்டு லட்சம் ஏக்கர் வைத்திருந்தது. நிலம் அங்கே, பதிவேடு லண்டனில். 1970இல் மலேசியக் கம்பெனிகளின் பங்குகளில் மலாய் மக்கள் கையில் இருந்தது 2.4 சதவீதம். அதை 1990க்குள் 30 ஆக்க வேண்டும் என்பது அரசின் புதிய பொருளாதாரக் கொள்கை. பறிமுதல் செய்தால் உலகம் கத்தும். ஆகவே வெள்ளைக்காரனின் சந்தையில், வெள்ளைக்காரனின் விதிப்படி, வெள்ளைக்காரத் தரகர்களை வைத்தே காசு கொடுத்து வாங்கினார்கள். கையில் கால்வாசிப் பங்கு ஏற்கெனவே இருந்தது. பெரிய பங்குதாரர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிட்டது. 160 வருடக் கம்பெனி ஒரு முற்பகலில் போனது.

லண்டன் பத்திரிகைகள் கொல்லைப்புற வழியாகத் தேசியமயம் என்று கொதித்தன. அதன் பிறகு சந்தை விதிகளை இறுக்கினார்கள். மகாதீர் முகமது பிரதமராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தன்னை வைத்துத்தான் விதியை மாற்றினார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தை பிரிட்டன் ஏற்றிய கோபமும் சேர்ந்துகொள்ள, அக்டோபரில் ‘பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்கு’ என்ற கொள்கை வந்தது. மகாதீர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். டி பியர்ஸ் செய்தபோது சாமர்த்தியம், மலேசியா செய்தால் அத்துமீறலா?

இனி, என்னைத் தொந்தரவு செய்யும் பகுதி. லண்டனில் ஒன்பதரை என்றால் அன்றைய மலேசிய நேரப்படி மாலை நான்கு மணி. அந்த நேரத்தில் கத்ரி தோட்டங்களில் பால்மரம் வெட்டும் வேலை முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அந்த வேலை செய்தவர்களில் பெரும் பகுதி தமிழர்கள்; கங்காணி கூட்டிப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். உண்மையான விடியல் அவர்களுடையதுதான். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்து, நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்குவார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும். வாளிகளில் பாலைச் சேர்த்து, கணக்கெழுதும் கிராணி முன்னால் எடை போட்டுவிட்டு, லயத்து வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்து எழுந்து பசியாறிக்கொண்டிருந்த மாலை நேரத்தில், அவர்கள் நின்ற மண் அவர்களுக்குத் தெரியாமல் கைமாறியது. மறுநாள் காலையும் அதே பெரட்டு. துரை அதே துரை. பலகையில் அதே கத்ரி. கூலி அதே கூலி.

பின்னால் சில தோட்டங்கள் நகரங்களாயின. ஷா ஆலம் பக்கம் புக்கிட் ஜெலுத்தோங் இப்போது வசதியான வீட்டு மனைப் பகுதி. கத்ரி 2007இல் சைம் டார்பி குழுமத்தோடு இணைந்தது. அந்தக் குழுமத்தின் வழிவந்த தோட்டக் கம்பெனி 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அலெக்சாண்டர் கத்ரியின் பெயர் திரும்பி வந்துவிட்டது, லயங்கள் வரவில்லை.

ஆனால் அந்த லயத்து மக்கள் தோட்டம் வாங்கியதே இல்லை என்று நினைக்காதீர்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர்களுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி, அதாவது மலாயா டாலர். மொத்தமாகக் கொடுக்க யாரிடம் இருந்தது? பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அவரே தோட்டம் தோட்டமாகப் போனார். கோயில் வாசலிலும் மரத்தடியிலும் நின்று, எந்தத் தோட்டத்தை வாங்கப் போகிறோம், எவ்வளவு வேண்டும் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லித்தான் பணம் கேட்டார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம். ஒரு முற்பகலில் நடந்த காரியம் அல்ல அது; சம்பள நாள்தோறும் ஒரு பத்து வெள்ளி நோட்டு, ரசீதில் ஒரு கையெழுத்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கட்டைவிரல் ரேகை.